வாடகை டிரெய்லரும் வண்டிப் பாரமும்

(உழவர் பயிற்சி முகாம் ஒன்றில் உழவியல் விரிவுரையாளர் ஆற்றிய உரை)



உழவியல் படித்தவனுக்கு டிரெய்லரைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று தாங்கள் எண்ணக்கூடும். நாங்கள் செய்யும் பரிந்துரைகளைச் சற்று நினைத்துப் பாருங்கள். நெல்லுக்கு எக்டேருக்கு 12.5 டன் தொழு உரம் இடவேண்டும் என்று ஒரே வரியில் எழுதிவிடுகிறோம். ஏக்கருக்கு 5 டன் ஆகிறது. அந்த 5 டன் எருக்குழியிலிருந்து தானாக எழுந்து வயலுக்கு நடந்து வருவதில்லை. கோடையில் அரசின் அனுமதி பெற்று ஏரி வண்டலை அடியுங்கள் என்கிறோம். கரும்பு நன்றாக வந்தால் ஏக்கருக்கு 40 டன் கூட ஆலைக்குப் போய்ச் சேரவேண்டும். ஆக, பயிர்த்தொழிலில் பாதி, பாரம் சுமக்கும் தொழிலே. அந்தப் பாதியைப் பற்றி எங்கள் நூல்களில் அதிகம் இல்லை. எனவேதான் இன்று அதைப் பேச எடுத்துக்கொண்டேன்.

முன்பு வீட்டுக்கு வீடு ஒரு மாட்டு வண்டி இருந்தது. இன்று ஊருக்கு நாலைந்து டிராக்டர்கள் இருக்கின்றன; மற்றவர்கள் வாடகைக்கு எடுக்கிறோம். சிலரிடம் சிறிய டிராக்டரோ பவர் டில்லரோ சொந்தமாக இருக்கும். டிரெய்லரை மட்டும் பக்கத்து ஊரில் வாடகைக்கு வாங்கி வருவார்கள். இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் வைத்திருப்பவர் ஆண்டில் பத்து நாள் வேலைக்காக டிரெய்லர் வாங்கி வெயிலிலும் மழையிலும் துருப்பிடிக்க விடுவதை நான் ஆதரிக்கமாட்டேன். வாடகையே சிக்கனம். வேளாண்மைப் பொறியியல் துறையும், சில தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களும் இயந்திரங்களை வாடகைக்கு விடுகின்றன. தனியாரிடமும் கிடைக்கிறது.

ஆனால் வாடகைப் பொருளில் ஒரு சங்கடம் உண்டு. சொந்த மாட்டின் சுபாவம் நமக்குத் தெரியும். எந்தக் காளை மிரளும், எது படுத்துக்கொள்ளும் என்று அறிவோம். வாடகை டிரெய்லர் நேற்று யாரிடம் இருந்தது, எதை ஏற்றியது, எந்தச் சக்கரம் தள்ளாடுகிறது என்பதெல்லாம் நமக்குத் தெரியாது. ஆகவே, அதை நம் சாலைக்குக் கொண்டுவருவதற்கு முன்பு அறிந்துகொள்ள வேண்டியவை சில உள்ளன.

இழுப்பதும் நிறுத்துவதும்

டிரெய்லர் வாங்கப் போகிறவர்கள் கேட்கும் முதற் கேள்வி, "என் வண்டி இதை இழுக்குமா?" என்பதுதான். தாழ்ந்த கியரில் இன்றைய டிராக்டர் எதையும் இழுத்துவிடும். கேட்க வேண்டிய கேள்வி, "என் வண்டி இதை நிறுத்துமா?" என்பதாகும்.

ஒரு கணக்குப் பார்ப்போம். டிராக்டரின் எடை 2 டன் என்று வைத்துக்கொள்வோம். வெறும் டிரெய்லர் 1 டன்னுக்குச் சற்று மேல். அதில் 3 டன் பாரம். மொத்தம் 6 டன்னுக்கும் அதிகம். நம் ஊர்களில் ஓடும் டிரெய்லர்கள் பலவற்றில் பிரேக் கிடையாது. இருந்தாலும் அது வேலை செய்வதில்லை. டிராக்டரின் பின் சக்கரங்கள் இரண்டில் உள்ள பிரேக், தன் எடையைப்போல் மூன்று மடங்கை நிறுத்தியாக வேண்டும். வெறும் டிராக்டர் 5 மீட்டரில் நிற்கிறது என்றால், இந்தப் பாரத்தோடு ஏறக்குறைய 15 மீட்டர் ஓடித்தான் நிற்கும். வேகத்தை இரட்டித்தால் நிற்கும் தூரம் நான்கு மடங்காகும் என்பது இயற்பியல் விதி. மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் 15 மீட்டர் என்றால், 40 கி.மீ. வேகத்தில் 60 மீட்டர். ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு காலை மிதிக்குக் கொண்டுபோவதற்குள் கழியும் ஒரு வினாடியில் வண்டி மேலும் 11 மீட்டர் போய்விடும். நாய் ஒன்று குறுக்கே ஓடினால், சைக்கிளில் பள்ளிப் பிள்ளை ஒன்று திரும்பினால், இந்தத் தூரம் எவ்வளவு பெரியது என்று தெரியும்.

ஆகவே டிரெய்லரில் பிரேக் உண்டா என்று கேளுங்கள். உண்டு என்றால், வாயால் சொல்வதை ஏற்காமல், வெறும் டிரெய்லரைக் கோத்து நூறு அடி ஓட்டி மிதித்துப் பாருங்கள்.

டிராக்டர் பிரேக்கில் இன்னொரு செய்தி உண்டு. அதில் இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று என இரண்டு மிதிகள் இருக்கின்றன. வயலில் வரப்போரம் குறுகத் திரும்புவதற்காக அப்படி அமைத்திருக்கிறார்கள். சாலைக்கு வரும்போது இரண்டையும் இணைக்க ஒரு தாழ் இருக்கும். காலையில் சேற்றுழவு முடித்துவிட்டு நேரே நம் எருக்குழிக்கு வரும் வாடகை டிராக்டரில் அந்தத் தாழ் பெரும்பாலும் திறந்தே இருக்கும். பாரத்தோடு சாலையில் போகும்போது ஒரு மிதி மட்டும் மிதிபட்டால் ஒரு சக்கரம் மட்டும் நிற்கும். வண்டி அந்தப் பக்கம் சுற்றிக்கொள்ளும். பின்னால் வரும் டிரெய்லர் அதைக் கவிழ்த்துவிடும். இதைச் சரிசெய்யக் காசு எதுவும் ஆகாது. தாழைப் போட்டால் போதும்.

கொக்கியும் ஆணியும்

மாட்டு வண்டிக்குக் கடையாணி எப்படியோ, டிரெய்லருக்குக் கொக்கி ஆணி அப்படி. விரற்கடைப் பொருள்தான், ஆனால் மொத்தப் பாரமும் அதில்தான் தொங்குகிறது. டிரெய்லரோடு வந்த ஆணி தொலைந்துபோனால், கட்டடக் கம்பியை வெட்டி வளைத்துப் போட்டுக்கொள்ளும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. கட்டடக் கம்பி இந்த வேலைக்குச் செய்யப்பட்டதன்று. ஆணி துவாரத்தில் இறுக்கமாகப் பொருந்தவேண்டும். தேய்ந்து நடுவில் இடை சிறுத்திருக்கக் கூடாது. ஆணியின் அடியில், அது மேலே குதித்து வெளியேறாமல் இருக்க, ஒரு குறுக்கு ஊசி பூட்டியிருக்க வேண்டும். பள்ளம் மேட்டில் குதிக்கும்போது ஊசியில்லாத ஆணி சிறிது சிறிதாக மேலேறும்.

ஒரு கிராமத்தில் வண்டல் அடிக்கும்போது நடந்ததைச் சொல்கிறேன். பாரத்தோடு ஏரிக்கரை மேல் ஏறிய டிரெய்லரின் ஆணி கழன்றது. பின்னால் ஒருவர் சக்கரத்துக்குக் கல் வைப்பதற்காகவே நடந்து வந்துகொண்டிருந்தார். கையில் கல்லும் இருந்தது. பாரம் பின்னோக்கி உருண்ட வேகத்தில் கல்லை வைக்க அவருக்கு நேரமில்லை. உயிர் பிழைத்தார், வலது கால் பாதத்தை எடுக்கவேண்டியதாயிற்று. அவர் அந்த நிலத்தின் சொந்தக்காரர். ஒன்றரை ஏக்கர் நிலம். டிரெய்லரின் சொந்தக்காரர் அல்லர், ஓட்டுநரும் அல்லர். வாடகைக்கு எடுத்தவர்தான்.

ஏற்றத்தில் பாரம் ஏறும்போது அதன் நேர் பின்னால் யாரும் நடக்கவேண்டாம். கல் வைக்க வேண்டுமானால் பக்கவாட்டில் ஒதுங்கி நடந்து, வண்டி நின்ற பிறகு வையுங்கள். ஆணி ஒன்றையே நம்பாமல், டிரெய்லரின் முன்காலையும் டிராக்டரையும் இணைத்து ஒரு பாதுகாப்புச் சங்கிலியும் போடச் சொல்லுங்கள். சங்கிலி இரண்டாக இருந்தால், முன்காலின் அடியில் குறுக்காகப் போடவேண்டும். ஆணி கழன்றாலும் முன்கால் தரையில் குத்தாமல் சங்கிலியின் மேல் தங்கும். திருப்பத்தில் இழுபடாத அளவுக்கு மட்டும் தளர்ச்சி விடுங்கள்.

கொக்கியை எங்கே மாட்டுவது என்பதும் முக்கியம். டிராக்டரின் பின்புறம் தாழ்வாக இருக்கும் இழுவைச் சட்டத்தில்தான் மாட்டவேண்டும். சேற்றில் சிக்கிய டிரெய்லரை வெளியே இழுக்க, சங்கிலியைப் பின் அச்சின் மேலோ அதற்கும் உயரமான இடத்திலோ கட்டுகிறார்கள். இது மிகப் பெரிய தவறு. பின் அச்சைவிட உயரத்திலிருந்து பாரம் இழுத்தால் டிராக்டரின் முன்பக்கம் மேலே தூக்கும். பின் சக்கரம் சேற்றில் பிடித்துக்கொண்டு சுழலாமல் நின்றால், என்ஜினின் முழுப் பலமும் டிராக்டரையே பின்னோக்கி மல்லாத்திவிடும். இரண்டு வினாடிக்குள் முடிந்துவிடும் காரியம் இது. கிளட்சை மிதிக்க நினைப்பதற்குள் ஓட்டுநர் அடியில் கிடப்பார். சிக்கிய வண்டியின் பாரத்தை முதலில் இறக்குங்கள். நாலு ஆள் கூலி போகும், போகட்டும்.

முன்பாரம், பின்பாரம்

இங்கு வந்திருக்கும் பெரியவர்கள் வண்டி ஓட்டியவர்கள். முன்பாரம், பின்பாரம் பற்றி அவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. முன்பாரம் மிகுந்தால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் மிகுந்தால் ஏர்க்கால் மேலே தூக்கி, பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். அதனால்தான் நம் முன்னோர் மூட்டைகளை முன்னும் பின்னும் நகர்த்தி, ஏர்க்காலைக் கையால் தூக்கிப் பார்த்துவிட்டு மாட்டைப் பூட்டினார்கள்.

இரண்டு சக்கர டிரெய்லரும் அந்த வண்டியேதான். மாடு இருந்த இடத்தில் டிராக்டர் இருக்கிறது; அதற்குத் தொண்டை வலிப்பதில்லை, அவ்வளவே. பின்பாரம் மிகுந்தால் முன்கால் கொக்கியை மேல்நோக்கி நெம்பும். டிராக்டரின் பின் சக்கரப் பிடிப்புக் குறையும். டிரெய்லர் பாம்புபோல் பக்கவாட்டில் ஆடும். முன்பாரம் அளவு மீறினால் டிராக்டரின் முன் சக்கரம் லேசாகும். ஏற்றத்தில் தரையை விட்டுத் தூக்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பினால் வண்டி திரும்பாது. கரும்பு ஏற்றிக்கொண்டு வாய்க்கால் பாலத்தில் ஏறும்போது இதைப் பலர் கண்டிருப்பீர்கள். ஸ்டீயரிங் கைக்கு லேசாக இருக்கிறது என்று ஓட்டுநர் சொன்னால், அது பாரத்தைப் பின்னே நகர்த்துங்கள் அல்லது குறையுங்கள் என்று வண்டி சொல்லும் செய்தி. சிலர் அந்த நேரத்தில் முன்புற பானெட்டின் மேல் இரண்டு ஆட்களை உட்காரவைக்கிறார்கள். மனிதன் எடைக்கல் அல்லன்.

நான்கு சக்கர டிரெய்லரில் பாரம் முழுவதையும் அதன் சக்கரங்களே தாங்கிக்கொள்வதால் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் பின்னோக்கி எடுப்பது கடினம். பழகிய கை வேண்டும்.

எவ்வளவு ஏற்றலாம்?

பெட்டி நிறைந்தால் ஒரு லோடு என்று கணக்கு வைத்திருக்கிறோம். பெட்டி கொள்ளும் அளவு வேறு, அச்சு தாங்கும் எடை வேறு. 10 அடி நீளம், 6 அடி அகலம், 2 அடி உயரம் உள்ள பெட்டியை எடுத்துக்கொள்வோம். கொள்ளளவு 120 கன அடி. நம் பேச்சில் ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல். இதில் உலர்ந்த தொழு உரத்தை நிரப்பினால் 2 டன்னுக்குள் அடங்கும். நெல்லைக் குவித்தால் ஏறக்குறைய 2 டன். தண்ணீர் என்றால் 3.4 டன். ஈரமான ஏரி வண்டலை நிரப்பினால் 5 டன்னைத் தாண்டிவிடும். பெட்டி ஒன்றே, எடை இரண்டரை மடங்கு மாறுகிறது.

அந்த டிரெய்லர் 3 டன் தாங்கக்கூடியது என்றால், ஈர மண்ணை ஓரடிக்குச் சற்று மேல்வரைதான் நிரப்பலாம். அதற்கு மேல் பெட்டியில் இடம் காலியாகக் கிடக்கும், கிடக்கட்டும். பெட்டியின் உட்புறம் சுண்ணாம்பினால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். மண் அள்ளும் இயந்திரத்துக்காரருக்கு அந்தக் கோட்டைக் காட்டி, "இதற்கு மேல் வேண்டாம்" என்று முதல் லோடுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். நெல் மூட்டைக்குக் கோடு தேவையில்லை. கொள்முதல் நிலையத்து 40 கிலோ மூட்டை 75 ஏற்றினால் 3 டன் ஆகிவிடும். எண்ணினால் தெரிந்துவிடுகிறது.

டிரெய்லர் எத்தனை டன் தாங்கும் என்பதை அதன் பதிவுச் சான்றில் பாருங்கள். பட்டறையில் உயர்த்திக் கட்டிய பக்கப் பலகையைப் பார்த்து மதிப்பிடாதீர்கள். பலகை உயர்ந்ததால் அச்சு பருப்பதில்லை.

தண்ணீர் டேங்கர் எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கோடையில் தென்னைக்குத் தண்ணீர் அடிக்கப் பலர் இதை வாடகைக்கு எடுக்கிறார்கள். உள்ளே தடுப்புத் தகடு இல்லாத டேங்கரைப் பாதி நிரப்பி ஓட்டுவது முழுதும் நிரப்பி ஓட்டுவதைவிடத் தொல்லை தரும். திருப்பத்தில் தண்ணீர் முழுவதும் ஒரு பக்கம் சென்று மோதும். நிறுத்தும்போது முன்னே பாய்ந்து தள்ளும். பாதித் தோப்புக்கு ஊற்றிவிட்டு மீதியோடு சாலையில் வேகமாகத் திரும்புவது கூடாது.

வாடகை முறையே தூண்டும் தவறு

இதை நான் சற்று வெளிப்படையாகச் சொல்ல விரும்புகிறேன். நம் பகுதியில் பெரும்பாலும் நடைக்கு இவ்வளவு என்று வாடகை பேசுகிறோம். நடைக் கணக்கில் எடுத்தவுடன், நமக்கு நடை குறையவேண்டும் என்ற ஆசை வருகிறது. பெட்டிக்கு மேல் கோபுரமாக ஏற்றச் சொல்கிறோம். ஓட்டுநருக்கு மாலைக்குள் நடை கூடவேண்டும் என்ற ஆசை, பறக்கிறார். அதிகப் பாரம் நாம் தருவது. அதிக வேகம் அவர் தருவது. இரண்டும் சேர்ந்துதான் ஏரிக்கரைத் திருப்பத்துக்குப் போகின்றன. விபத்து நடந்தால் ஓட்டுநரை மட்டும் ஏசுகிறோம்.

எரு, வண்டல் போன்ற அருகாமை வேலைக்கு மணி வாடகை பேசுவதே நல்லது என்பது என் கருத்து. சில நூறு ரூபாய் கூடக்குறைய ஆகலாம். நடைக்கணக்கில்தான் வருவேன் என்று உரிமையாளர் சொன்னால், எத்தனை டன் ஒரு நடை என்பதையும் சேர்த்துப் பேசிவிடுங்கள்.

இறக்கம், திருப்பம், இரவு

டீசல் மிச்சம் என்று இறக்கத்தில் கியரை நியூட்ரலில் போட்டு உருளவிடும் பழக்கத்தை அடியோடு விட்டுவிட வேண்டும். ஏறுவதற்கு எந்தக் கியர் தேவையோ, அதே கியரில் இறங்குவது நல்ல விதி. இறங்கத் தொடங்குவதற்கு முன்பே கியரை மாற்றிக்கொள்ள வேண்டும். நடு இறக்கத்தில் மாற்ற முயன்றால் கியர் விழாமல் வண்டி கையை மீறும். இறக்கத்துத் திருப்பத்தில் பிரேக்கைத் திடீரென்று மிதித்தால், பின்னால் வரும் பாரம் டிராக்டரின் பின்பகுதியைப் பக்கவாட்டில் தள்ளி, மடக்குக் கத்தியைப்போல் இரண்டையும் மடக்கிவிடும். வேகத்தைத் திருப்பத்துக்கு முன்பே குறைக்கவேண்டும்.

பவர் டில்லரில் டிரெய்லர் மாட்டி ஓட்டுபவர்கள் ஒன்றைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். சமதரையில் இடது கைப்பிடிக் கிளட்சை அழுத்தினால் வண்டி இடப்புறம் திரும்பும். இறக்கத்தில் பாரம் பின்னாலிருந்து தள்ளும்போது அதே இடது கிளட்சை அழுத்தினால் வலப்புறம் திரும்பும். காரணம் எளிது. கிளட்சு விடுபட்ட இடது சக்கரம் தடையின்றி வேகமாக உருளும். என்ஜினோடு இணைந்த வலது சக்கரம் மெதுவாகச் சுற்றும். புதிதாக ஓட்டுபவர் பள்ளத்தை விட்டு விலக நினைத்துப் பள்ளத்திலேயே இறக்கிவிடுவது இதனால்தான். இறக்கத்தில் கிளட்சுகளைத் தொடாமல், தாழ்ந்த கியரில், கைப்பிடியைப் பிடித்தே மெதுவாகத் திருப்புங்கள்.

இரவில் சாலைக்குப் போகாமலிருப்பது நல்லது. ஆலைக்குக் கரும்பு கொண்டுபோகும் காலத்தில் அது முடிவதில்லை. டிராக்டரின் பின் விளக்கை டிரெய்லர் மறைத்துவிடுகிறது. டிரெய்லருக்கெனத் தனியே சிவப்பு விளக்கு இருக்கவேண்டும். அதற்குப் போகும் ஒயர் அறுந்து தொங்காமல் இருக்கிறதா பாருங்கள். பின்புறம் இரண்டு மூலைகளிலும் சிவப்பாக ஒளிரும் ஒட்டுத்தாள் ஒட்டுவதற்கு ஆகும் செலவு மிகச் சிறிது. கரும்புத் தோகை அவற்றை மூடிக்கொண்டு தொங்கினால் ஒட்டியும் பயனில்லை. வழியில் பஞ்சரானால் சாலையை விட்டு ஒதுக்கி நிறுத்துங்கள். சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த கல்லைச் சாலையிலேயே விட்டுவிட்டுப் புறப்படுகிறோமே, பின்னால் மோட்டார் சைக்கிளில் வருகிறவர் அதில் ஏறி விழுகிறார். கல்லையும் எடுத்துக்கொண்டு புறப்படுங்கள்.

டிப்பர் பெட்டியைத் தூக்குமுன் அண்ணாந்து பார்க்கவேண்டும். மேலே மின்கம்பி போகும் இடத்தில் தூக்கவே கூடாது. வைக்கோல் பாரத்துக்கும் இது பொருந்தும். தூக்கிய பெட்டிக்கு அடியில், உறுதியான முட்டுக் கொடுக்காமல், தலையை நீட்டாதீர்கள். எண்ணெய்க் குழாய் வெடித்தால் பெட்டி ஒரே வீச்சில் இறங்கும்.

ஆட்களை ஏற்றுவது

நடவு ஆட்களையும் அறுவடை ஆட்களையும் டிரெய்லரில் ஏற்றிவருவதும், திருவிழாவுக்குக் குடும்பத்தோடு போவதும் நம் நாட்டில் எங்கும் நடப்பதுதான். 2022 அக்டோபர் 1 அன்று உத்தரப் பிரதேசத்தில் கான்பூர் அருகே, கோயிலுக்குச் சென்று திரும்பியவர்களின் டிராக்டர் டிரெய்லர் குளத்தில் கவிழ்ந்து 25-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெண்களும் குழந்தைகளுமே மிகுதி. 2024 பிப்ரவரியில் அதே மாநிலத்தின் காஸ்கஞ்ச் மாவட்டத்தில் கங்கையில் நீராடப் போனவர்களின் டிரெய்லர் குளத்தில் விழுந்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மூட்டை கவிழ்ந்தால் அள்ளிக்கொள்ளலாம். ஆட்களை ஏற்றிய டிரெய்லர் தண்ணீரில் கவிழ்ந்தால் பெட்டியே மேலே மூடிக்கொள்கிறது. வெளியே வர வழியில்லை. வேலையாட்களுக்குப் பேருந்தோ ஆட்டோவோ பேசுங்கள். பாரத்தின் மேலும், டிராக்டரின் மட்கார்டின் மேலும் யாரையும் உட்கார விடாதீர்கள். நம் வாடகை வண்டியில் ஏறியவருக்கு நாமே பொறுப்பு.

சீட்டும் சான்றும்

மோட்டார் வாகனச் சட்டம், 1988 டிரெய்லரையும் மோட்டார் வாகனம் என்ற சொல்லுக்குள் அடக்குகிறது. டிராக்டருக்குப் பதிவும் காப்பீடும் இருந்தால் டிரெய்லருக்கும் இருப்பதாக நினைத்துக்கொள்ளக் கூடாது. டிரெய்லரின் பதிவு எண், காப்பீடு முடியும் நாள், ஓட்டுநரின் உரிமம் ஆகிய மூன்றையும் கேட்டுப் பாருங்கள். கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளலாம். காப்பீடு எந்தப் பயனுக்காக எடுக்கப்பட்டது என்பதையும் கேளுங்கள். விவசாய உபயோகத்துக்கென எடுத்த காப்பீட்டை வைத்துக்கொண்டு வாடகைக்குச் செங்கல் ஏற்றும்போதோ, ஆட்களை ஏற்றும்போதோ விபத்து நேர்ந்தால், பணம் தர மறுத்து வழக்கு நடக்கும். ஆண்டுக்கணக்கில் நீதிமன்றம் போக நம்மில் யாருக்கு வசதி?

கேட்டால் உரிமையாளர் மனம் வருந்துவாரே என்று தயங்குகிறோம். பங்காளியாகவோ மாமன் மைத்துனனாகவோ இருப்பார். கேட்கும் விதமாகக் கேட்டால் யாரும் வருந்தமாட்டார்கள். "மாமா, டயர் ஒன்று வழுவழுவென்று தேய்ந்திருக்கிறதே, மாற்றிக் கொடுத்துவிடுங்கள்" என்று சொல்வதில் என்ன குறைவு? எடுக்கும்போதே எந்தப் பலகை உடைந்திருந்தது, எந்த டயர் தேய்ந்திருந்தது என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டுக்கொண்டால், திருப்பிக் கொடுக்கும்போது மனத்தாங்கல் வராது. சக்கரத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, இரு கையாலும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். தடதடவென்று ஆடினால் பேரிங் போய்விட்டது என்று பொருள். அந்த டிரெய்லர் வேண்டாம்.

காரிலும் ஜீப்பிலும் கோத்தால்

அண்மையில் சில உழவர்கள் தங்கள் ஜீப்பிலும் பிக்கப் வண்டியிலும் சிறிய டிரெய்லரைக் கோத்துக் காய்கறி கொண்டுபோகலாமா என்று கேட்கிறார்கள். வண்டியோடு வந்த கையேட்டில் இழுவை எடை குறிப்பிட்டிருந்தால் அந்த அளவுக்குள் செய்யலாம். குறிப்பிடவில்லை என்றால் செய்யாதீர்கள். பட்டறையில் பம்பரோடு ஒட்டவைத்த கொக்கியை நம்பிப் பாரம் இழுக்கக் கூடாது; அடிச்சட்டத்தோடு இணைந்த கொக்கிதான் தாங்கும். இவ்வகை வண்டியில் மொத்தப் பாரத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கொக்கியின் மேல் அமரும்படி ஏற்றவேண்டும். இவை டிராக்டரைவிட வேகமாகப் போவதால், பின்பாரம் மிகுந்தால் ஆட்டம் சட்டென்று கூடும். ஆடத் தொடங்கினால் பிரேக்கை மிதிக்காமலும் ஸ்டீயரிங்கை ஒடிக்காமலும், ஆக்சிலேட்டரை மட்டும் விட்டு வேகம் தானாகக் குறைய விடுங்கள்.

நிலத்தைப் பற்றி ஒரு சொல்

கடைசியாக என் துறைக்கு வருகிறேன். ஈர வயலுக்குள் 6 டன் பாரத்தை இறக்கினால் சக்கரத் தடத்தின் கீழ் மண் இறுகிவிடும். மேலே உழுதால் தடம் மறைந்துவிடும். அடியில் இறுகியது அப்படியே இருக்கும். அடுத்த பயிரில் அந்தத் தடத்தில் மட்டும் பயிர் குட்டையாக, வெளிறி நிற்பதைக் காண்பீர்கள். உரம் போதவில்லை என்று யூரியாவை வீசினால் சரியாகாது. வேர் இறங்க வழியில்லை. எனவே எருவையும் வண்டலையும் வயல் காய்ந்திருக்கும்போதே அடியுங்கள். வயலுக்குள் ஒரே தடத்தில் போய் வரச் சொல்லுங்கள். நினைத்த இடமெல்லாம் ஓட்டவேண்டாம். ஏற்கெனவே இறுகிப்போன நிலமாயின், கோடையில் உளிக்கலப்பை கொண்டு 50 செ.மீ. இடைவெளியில் நெடுக்கும் குறுக்குமாக ஆழ உழவேண்டும். மூன்று ஆண்டுக்கு ஒரு முறை செய்தால் போதும்.

வெளியே நம் முகாமுக்காக ஒரு டிராக்டரும் இரண்டு சக்கர டிரெய்லரும் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். அதில் மூன்று குறைகளை வேண்டுமென்றே வைத்திருக்கிறோம். தேநீர் அருந்திவிட்டு அனைவரும் சென்று அவற்றைக் கண்டுபிடியுங்கள். வண்டி ஓட்டிய பெரியவர்கள் சற்றுப் பொறுத்து, இளைஞர்களை முதலில் தேடவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.